அறுகம்பையில் நாலு இரவு, கையில் நாற்பதாயிரம்

கேள்வி: அக்கா, நானும் என்னோடு வேலை செய்யும் தோழியும் செங்கலடியில் இருந்து அறுகம்பைக்குப் போக நினைக்கிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்து 40,000 ரூபாய்தான் கையில் இருக்கிறது. நாலு இரவு தங்க வேண்டும், கொஞ்சம் சர்ஃபிங்கும் பழக வேண்டும். காணுமா? ஓகஸ்டில் போவதா, செப்டெம்பரிலா? என்னிடம் ஸ்கூட்டி இருக்கிறது. அதில் போகலாமா, பஸ்தான் நல்லதா?

பதில்: காணும், தங்கச்சி. ஆனால் ஓகஸ்டில் காணாது.

அறுகம்பையில் சீசன் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் வரை இருக்கும். தென்மேற்குக் காற்று தன் மழையை எல்லாம் மலைநாட்டில் இறக்கிவிட்டு நம் பக்கம் வறண்ட கச்சான் காற்றாக வரும் காலம் அது. ஜூலையிலும் ஓகஸ்டிலும் வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள், அறைக்காரர் கேட்பதுதான் விலை. செப்டெம்பர் நடுப்பகுதியில் கூட்டம் குறையும், அலை இருக்கும், விலை பேசலாம். அதிலும் போயா (பௌர்ணமி) விடுமுறையோடு ஒட்டிவரும் நீண்ட வார இறுதி வேண்டாம். ஞாயிறு போய் வியாழன் திரும்புங்கள்.

ஸ்கூட்டியிலேயே போங்கள். பஸ் மலிவுதான். மட்டக்களப்பில் இருந்து பொத்துவிலுக்கு நேராகவும் போகலாம், கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ மாறியும் போகலாம். ஆனால் காசு கரைவது அதற்குப் பிறகுதான். பொத்துவில் டவுனில் இருந்து கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டர், அலை பழகும் இடங்கள் இன்னும் தள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஆட்டோ பிடித்தால் நாலு நாளில் ஒரு நாள் அறைக்காசு போய்விடும். உங்களுக்கு ஒரு பக்கம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். விடிய ஐந்தரைக்கே வெளிக்கிட்டால் கல்முனை நெரிசலுக்கு முன்னமே தாண்டி, அக்கரைப்பற்றில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். திருக்கோவில் தாண்டியதும் கோமாரிப் பக்கம் வீடுகள் குறையும், யானை நடமாட்டமும் உண்டு. அந்தத் துண்டைப் பகலில்தான் கடக்க வேண்டும், திரும்பும்போதும் அப்படித்தான்.

இனிக் காசு. அறைக்கு 16,000, சாப்பாட்டுக்கு 10,000, போர்டுக்கும் பயிற்சிக்கும் 10,000, மிச்சம் 4,000 பெட்ரோலுக்கும் அவசரத்துக்கும். இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: படுப்பது அறுகம்பைக் கடற்கரையோரமான உல்லையில், சாப்பிடுவது பொத்துவிலில். களப்புப் பாலத்துக்குத் தெற்கே உல்லை மெயின் வீதியில் இருப்பது வெளிநாட்டுக்காரருக்கென்று போட்ட விலை. அங்கே ஒரு பழச்சாறும் பான்கேக்கும் எடுக்கும் காசுக்குப் பாலத்துக்கு வடக்கே டவுனில் இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிடலாம். காலையில் இடியப்பமோ புட்டோ, மத்தியானம் மீனோடு சோற்றுப் பார்சல், இரவில் ரொட்டி அல்லது கொத்து. தண்ணீரையும் ஐந்து லீற்றர் போத்தலாக டவுனிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒரு பின்னேரம் மட்டும் கடற்கரைக் கடையில் உட்கார்ந்து ஏதாவது குடியுங்கள், அதற்குமா கணக்குப் பார்ப்பது.

அறையை ஆப்பில் பார்த்து வையுங்கள், பதிவதற்கு முன் நேரே போன் எடுங்கள். ஆப்புக்குப் போகும் கமிஷன் மிச்சமாவதால் தமிழில் பேசிக் கேட்டால் பெரும்பாலும் குறைப்பார்கள். ஏசி வேண்டாம், ஃபேன் அறை போதும். கடலைப் பார்த்த வரிசையை விட்டு, வீதிக்கு உட்பக்க ஒழுங்கைகளில் தேடுங்கள். இரண்டு பெண்கள் என்பதால் நான் பார்ப்பது வேறு ஒன்று: வீட்டுக்காரக் குடும்பம் அதே வளவில் இருக்கிறதா? அப்புறம் கதவுக்கு உள்தாழ்ப்பாள், ஒழுங்கையில் விளக்கு. இந்த மூன்றும் இருந்தால் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

சர்ஃபிங்கில்தான் புதிதாக வருபவர்கள் காசையும் தோலையும் சேர்த்து இழக்கிறார்கள். மெயின் பொயின்ற் பேர்போன இடம், உங்களுக்கு உரிய இடம் இல்லை. அலை அங்கே பாறைத்தட்டின் மேல் உடைகிறது. அதற்கு உள்ளே இருக்கும் பேபி பொயின்ற் சின்ன அலை, ஆனால் கூட்டத்தில் ஒருவர் போர்ட் மற்றவர் தலையில் படும். பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்ற்தான் என் தெரிவு. காலையில் கரையில் இருந்து கடலுக்கு வீசும் காற்று அலையை ஒழுங்காக நிறுத்தி வைக்கும். மத்தியானத்துக்குப் பின் கடல்காற்று திரும்பினால் அலை குழம்பிவிடும். ஆகவே விடியவே போய்விடுங்கள்.

முதல் நாள் இருவரும் ஒரு வகுப்பு எடுங்கள். பிறகு இருவருக்கும் ஒரே போர்ட் வாடகைக்குப் போதும். புதிதாகப் பழகுபவருக்கு அரை மணியில் கை ஓய்ந்துவிடும், ஒருவர் கரையில் இருக்க மற்றவர் இறங்கலாம். நுரையால் செய்த மெத்துப் போர்டாகக் கேளுங்கள். எடுக்கும்போது தூக்கிப் பாருங்கள்: பக்கத்தில் உள்ள அதே அளவுப் போர்டை விடப் பாரமாக இருந்தால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது, அதை வையுங்கள். விளிம்பில் விரலை ஓட்டிக் கிழிசல் தேடுங்கள், அடியில் உள்ள துடுப்பை ஆட்டிப் பாருங்கள், காலில் கட்டும் கயிற்றை இழுத்துப் பாருங்கள். பிறகு கடைக்காரர் பார்க்கவே, பழைய காயம் ஒவ்வொன்றும் தெரிய போனில் வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ‘இது நீங்கள் உடைத்தது’ என்று வரும் சண்டை, அந்த அரை நிமிட வீடியோவில் முடிந்துவிடும். அடையாள அட்டையை யாரிடமும் அடகாக விடாதீர்கள்.

உடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். முழுக்கை லைக்ரா டீஷேர்ட்டும் லெகின்ஸும் போடுங்கள். ஊருக்காக மட்டும் சொல்லவில்லை, போர்டில் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளும்போது வயிறும் முழங்காலும் உரசிப் புண்ணாகும், முதுகை வெயில் உரிக்கும். இங்கே அலையில் இறங்கும் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென்றே ஒரு சர்ஃப் கழகம் தொடங்கப்பட்டது, குழந்தைகளைப் பெற்ற தாய்மாரும் அதில் இருக்கிறார்கள். தண்ணீரில் அவர்களைக் கண்டால் கதை கொடுங்கள். எங்கே இறங்குவது என்று அவர்கள் சொல்வது என் பதிலை விட அன்றைய கடலுக்குப் பொருந்தும். டவுனுக்குச் சாப்பிடப் போகும்போது ஈர உடுப்பை மாற்றிக்கொண்டு போங்கள், பொத்துவில் சாதாரண ஊர்.

தெற்கே பாணமை வீதியில் பீனட் ஃபார்ம், யானைப்பாறை என்ற சர்ஃபிங் கரைகள் இருக்கின்றன. இரண்டும் நல்ல இடங்கள், பகலில். பொழுது சாய்ந்தால் அந்த வீதிக்கு யானை வரும், ஸ்கூட்டியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. யானைப்பாறைப் பக்கம் களப்புத் தண்ணீரில் கால் கழுவக்கூட இறங்காதீர்கள். 2017இல் அங்கே ஒரு வெளிநாட்டு இளைஞரை முதலை கொண்டுபோனது.

ஒரு பின்னேரம் சும்மா இருந்தால் பொத்துவில் களப்பில் கண்டல் காட்டுக்குள் தோணியில் போகலாம். ஏறும் முன் விலையைத் தோணிக்கா, ஆளுக்கா என்று கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். உகந்தை முருகனைக் கும்பிட ஆசை வரும், பாணமைக்கு அப்பால் காட்டுப்பாதை என்பதால் இருவர் தனியாக ஸ்கூட்டியில் போகச் சொல்லமாட்டேன். குமண தேசியப் பூங்கா சஃபாரியையும் இந்த முறை விடுங்கள். அங்கே காசு போவது ஜீப்புக்குத்தான், ஆறு பேராகப் பிரித்தால் ஒழிய அது கட்டுப்படியாகாது.