கிளவுட் டெஸ்க்டாப்பிலிருந்து, அதாவது இண்டர்நெட் வழியாகப் பயன்படுத்தும் வாடகைக் கம்ப்யூட்டரிலிருந்து, ஆபீஸ் சர்வரைத் தொடர்புகொள்ள, ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதாதா?

தயவுசெய்து திறக்காதீர்கள். அந்த போர்ட்டைத் தேடி இண்டர்நெட்டை ராப்பகலாகத் துழாவுகிற கூட்டம் இருக்கிறது. உள்ளே புகுந்தால் மொத்தக் கணக்கையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். உங்களுக்கு வேண்டியது சைட்-டு-சைட் விபிஎன், அதாவது இரண்டு பக்க நெட்வொர்க்கையும் இணைக்கும் தனி வழி. ஆபீஸில் ஒரு ஃபயர்வால், கிளவுட் பக்கம் ஒரு கேட்வே, நடுவில் தகவலை என்கிரிப்ட் செய்து அனுப்பும் ஐபிசெக் டனல், அவ்வளவுதான். ஆபீஸ் லைனுக்கு நிலையான பொது ஐபி கேட்டு வாங்குங்கள்.

ஆனால் எதையும் வாங்குமுன் ஆபீஸுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களின் ஐபி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் நான் ஒரு ராத்திரி முழுக்கத் திண்டாடியிருக்கிறேன்.

திருநெல்வேலி டவுனில் ஓர் அரிசி மொத்த வியாபாரக் கடை. சர்வர் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கணக்கு எழுதும் இரண்டு பெண்கள் அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று கிளவுட் டெஸ்க்டாப் போட்டோம். டனல் ஏறிவிட்டது, ஃபயர்வால் திரையில் பச்சை. சர்வர் 192.168.1.10 மட்டும் பதில் சொல்லவில்லை. கல்லாவை மூடிவிட்டு வந்த முதலாளி, "பச்சை எரியுதுன்னு சொல்லுதீரு, கணக்கைக் காணலையே வே?" என்றார். "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

விடியும்போதுதான் பிடிபட்டது. கிளவுட் நெட்வொர்க்கையும் நான் 192.168.1 என்றே தொடங்கியிருந்தேன். கீழ ரத வீதியிலும் 10-ஆம் நம்பர் வீடு உண்டு, மேல ரத வீதியிலும் உண்டு. தெருப் பெயர் இல்லாமல் நம்பரை மட்டும் எழுதினால் தபால்காரர் தன் தெருவிலேயே தேடுவார். டெஸ்க்டாப்பும் 10-ஐத் தன் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தது, டனல் பக்கம் போகவே இல்லை. கடைப் பக்கம் மாற்றினால் பிரிண்டர், கேமரா, பில்லிங் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தொட வேண்டும். அதனால் கிளவுட் பக்கத்தை அழித்து 10.40 என்று புதிதாகப் போட்டேன். சர்வர் உடனே கிடைத்தது.

அடுத்தது டிஎன்எஸ், பெயரைக் கொடுத்தால் ஐபியைச் சொல்லும் சேவை. ஆபீஸில் எல்லோருடைய லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால், கிளவுட் நெட்வொர்க்கின் டிஎன்எஸ் இடத்தில் அதை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் ஐபியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் டனல் சரியாக இருந்தும் டெஸ்க்டாப் ஆபீஸ் டொமைனில் சேராது. மாற்றிய பிறகு டெஸ்க்டாப்புகளை ரீஸ்டார்ட் செய்ய மறக்க வேண்டாம்.

வீட்டிலிருந்து டெஸ்க்டாப்பைத் திறப்பதற்கு இந்த டனல் தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் அஷூர் வெர்ச்சுவல் டெஸ்க்டாப் என்றால் அது 443 போர்ட் வழியாக வெளியே போகும் இணைப்பிலேயே நடந்துவிடும், உள்ளே வர எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம்.

சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் போகிறது, ஆனால் பெரிய ஃபைலைத் திறந்தால் பாதியில் நிற்கிறது என்றால், ஃபயர்வாலில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் போகும் தகவலின் உச்ச அளவை, 1350 பைட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். அஷூர் கேட்வேக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவும் அதுதான்.