தவறான நேரத்தில் வந்துவிட்டேனா?

"வந்து ஒரு மாதம் ஆகிறது அக்கா. முதுகலைப் படிப்பு, ஆனால் வாரத்தில் இரண்டே நாள்தான் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் இருநூறு பேர். துறையில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பேராசிரியரே சொல்கிறார். கூட இருக்கும் பையன்கள் அசைன்மென்ட்டை ஏஐயிடம் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். இவ்வளவு கடன் வாங்கிக்கொண்டு தவறான நேரத்தில் வந்துவிட்டேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, நான் இங்கிலாந்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதிக்கும் மேல் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் அலுவலகத்தில்தான் வேலை. நீங்கள் கேட்கிற கேள்வி ஒவ்வொரு அக்டோபரிலும் வேறு வேறு முகங்களோடு என் மேசைக்கு வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன பிரச்சினைகளில் முக்கால்வாசிக்கு வேர் ஒன்றுதான்: பணம். இங்கே உள்ளூர் இளநிலை மாணவரிடம் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதற்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2012இல் அது ஆண்டுக்கு 9,000 பவுண்டு, 2017இல் 9,250. அதற்கப்புறம் எட்டு கல்வியாண்டுகள் ஒரு பவுண்டுகூட ஏறவில்லை. 2025இல்தான் 9,535 ஆனது. இடையில் சம்பளம், மின்சாரம், கட்டடப் பராமரிப்பு எல்லாம் ஏறிக்கொண்டே போயின. உள்ளூர் மாணவருக்குப் பாடம் நடத்தினால் கையைக் கடிக்கிறது. ஆராய்ச்சிக்கு வரும் நிதியும் அதன் முழுச் செலவுக்குப் போதுவதில்லை. இந்த இரண்டு பள்ளத்தையும் நிரப்புவது வெளிநாட்டு மாணவரின் கட்டணம். அதற்கு உச்சவரம்பு கிடையாது.

கோவிட்டுக்குப் பிறகு இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அந்த வரவு நிற்காது என்று நம்பிப் பல பல்கலைக்கழகங்கள் கணக்குப் போட்டன. 2023இல் நைஜீரியாவின் நாணயமான நைரா சரிந்தது. 2024 ஜனவரியில் இருந்து, ஆராய்ச்சிப் படிப்புகளைத் தவிர மற்ற படிப்புகளுக்கு வருபவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று விதி வந்தது. விண்ணப்பங்கள் குறைந்தன, கணக்கு உதைத்தது. 2024-25ஆம் ஆண்டைப் பற்றாக்குறையோடுதான் முடிப்போம் என்று இங்கிலாந்தில் 43 சதவீத உயர்கல்வி நிறுவனங்களே எதிர்பார்ப்பதாக, அவற்றைக் கண்காணிக்கும் ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் 2025 மே மாதம் சொன்னது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் இதே நிலைமைதான். 2025 ஜனவரியில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 400 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. மார்ச்சில் டண்டீ பல்கலைக்கழகம் 632 என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் கென்ட், கிரீனிச் பல்கலைக்கழகங்கள் ஒன்றாக இணையப்போவதாக அறிவித்தன.

ஆக, உங்கள் பேராசிரியர் சொன்னது வதந்தி அல்ல. ஆட்குறைப்பு என்றால் பெரும்பாலும் காலியான இடத்தை நிரப்பாமல் விடுவார்கள், தாமாக விலகுகிறவர்களுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்புவார்கள். மிச்சம் இருப்பவர்கள் இரண்டு பேர் வேலையைப் பார்ப்பார்கள். ஆள் இல்லாத துறையில் இருநூறு பேரைச் சேர்ப்பது அநியாயம் என்று நான் கூட்டங்களில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தத் துறையில் இன்னும் இருக்கிற ஆசிரியர்கள் உங்களுக்கு எதிரிகள் அல்ல. அவர்களும் உங்களைப் போலவே அடுத்த வருடம் என்ன ஆகுமோ என்ற கவலையோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள்.

உங்கள் படிப்பு பாதியில் நின்றுவிடுமோ என்ற பயத்துக்கு மட்டும் ஒரு பதில். படிப்பை மூடுவதாக முடிவெடுத்தாலும், ஏற்கெனவே சேர்ந்தவர்களை முடிக்கவைத்து அனுப்புவதுதான் வழக்கம். இங்கிலாந்தில் பதிவுபெற்ற ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இதற்காக மாணவர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதி வெளியிட்டாக வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அதைத் தேடி எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். சொன்ன பாடத்தை நடத்தவில்லை என்றால் முதலில் பல்கலைக்கழகத்திடம் எழுத்துமூலம் புகார், அதில் தீராவிட்டால் ஓஐஏ என்கிற தன்னாட்சி அமைப்பு. இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்களுக்கு அது இலவசம்.

சரி, இரண்டு நாள் வகுப்பு விஷயம். இதில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இங்கே ஒரு முதுகலைப் படிப்பு 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதாவது 20 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 200 மணி நேரம். அதில் வகுப்பறையில் கழிவது பெரும்பாலும் இருபது முப்பது மணி நேரம்தான். மிச்சம் அத்தனையும் நூலகத்தில், உங்கள் மேசையில், நண்பர்களோடு நடக்கிற விவாதத்தில். ஐந்து நாள் காலியாக இருப்பது போலத் தெரியும், ஆனால் அவை விடுமுறை நாட்கள் அல்ல. இதை யாரும் முதல் வாரத்தில் உட்கார வைத்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இருநூறு பேர் வகுப்பில் ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரியாது. ஆனால் ஏறக்குறைய எல்லா ஆசிரியரும் வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கி வைத்திருப்பார்கள். நான் தாழ்வாரத்தில் நடந்து போகும்போது அந்த நேரத்தில் பாதி அறைகளில் ஆசிரியர் தனியாகக் கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நம் பிள்ளைகள் தயங்கி நிற்பார்கள். சார் தப்பாக நினைப்பாரோ, நம் ஆங்கிலம் சரியில்லையோ என்று. தயவுசெய்து போங்கள். போன முறை கட்டுரையில் எங்கே மதிப்பெண் போனது என்று ஒரே கேள்வி போதும். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட தனி ஆசிரியரின் பெயரையும் இந்த வாரமே கண்டுபிடித்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பிற்பாடு பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது அவராக இருக்கலாம்.

மதிப்பெண் பற்றியும் சொல்லிவிடுகிறேன், டிசம்பரில் இதற்காக அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகலையில் 50 தேர்ச்சி, 60 நல்ல மதிப்பெண், 70 வந்தால் மிக உயர்ந்த தரம். எண்பதைத் தொடுகிறவர்கள் அபூர்வம். முதல் கட்டுரைக்கு 58 வந்தால் நீங்கள் தோற்கவில்லை, இன்னும் இரண்டுதான் தேவை.

இனி ஏஐ. ஹெச்இபிஐ என்ற ஆய்வு அமைப்பு 2025இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இங்கே படிக்கும் இளநிலை மாணவர்களில் 92 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் ஏஐ பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அதனால் "யாருமே தொடக்கூடாது" என்று எந்தப் பல்கலைக்கழகமும் இப்போது சொல்ல முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறார்கள்: யோசனை தேடலாம், இலக்கணம் பார்க்கலாம், எழுதித் தரச் சொல்லக் கூடாது, பயன்படுத்தினால் சொல்ல வேண்டும் என்றெல்லாம். ஒரே துறையில் இரண்டு ஆசிரியர்களுக்கு இரண்டு விதி இருப்பதும் உண்டு. இந்தக் குழப்பத்துக்குப் பல்கலைக்கழகங்கள்தான் பொறுப்பு. ஆனால் மாட்டிக்கொள்வது மாணவர்.

விசாரணைக் குழுக்களில் குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாணவர் நினைவுக்கு வருகிறார். நல்ல பையன், இஸ்திரி போட்ட சட்டை, கையில் கட்டுரையின் அச்சுப் பிரதி. குழுத் தலைவர் கோபப்படவே இல்லை. மேற்கோள் பட்டியலைத் திருப்பிக் காட்டி, "இந்த நான்கு கட்டுரைகளை எங்கே படித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்த நான்கும் எந்த இதழிலும் வந்தவை அல்ல. ஏஐ தானாக உண்டாக்கிய தலைப்புகள். அடுத்து இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு சொல்லைக் காட்டி விளக்கச் சொன்னார். பையன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்று முழுவதும் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். அந்தப் பாடத்துக்குப் பூஜ்யம் போட்டார்கள். மறுபடி நடந்தால் நீக்கம். நீக்கப்பட்டால் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், விசாவும் போய்விடும். உள்ளூர் மாணவருக்கு ஒரு வருடம் வீணாகிற அதே தவறு நமக்கு நாட்டைவிட்டு வெளியேறும் அளவுக்குப் போகும் என்பதை உங்கள் அறை நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

உங்கள் கட்டுரையின் வரைவுகளைத் தேதிவாரியாகச் சேமித்து வையுங்கள். நேர்மையாக எழுதியவரையும் சில சமயம் மென்பொருள் சந்தேகிக்கிறது. அப்போது உங்களைக் காப்பாற்றப் போவது அந்த வரைவுகள்தான். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களைத் தடை செய்துவிடுங்கள். அப்படி விற்பது 2022 முதல் இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம். வாங்கியவரைப் பிற்பாடு மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல்களும் உண்டு.

வேலைக்கு ஓடுவது பற்றி. மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் அனுமதிக்கிற வாரத்துக்கு 20 மணி நேர வேலை என்பது சராசரி அல்ல. திங்கள் முதல் ஞாயிறு வரை எந்த வாரத்திலும் 20ஐத் தாண்டக் கூடாது. சென்ற குளிர்காலத்தில் ஒரு பெண் கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து நேரே என்னிடம் வந்தாள். கோட்டுப் பையில் இருந்து கையுறையோடு சேர்த்துச் சம்பளச் சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு வாரம் 12 மணி, அடுத்த வாரம் 28. "சராசரி இருபதுதானே மேடம்?" என்றாள். அந்த 28 விசா விதிமீறல். அந்த விஷயம் தீர்வதற்குள் அவள் பாதியாக இளைத்துவிட்டாள். இன்னொன்று: முதுகலை மாணவர்களுக்குக் கோடைக்காலம் பெரும்பாலும் விடுமுறைக் கணக்கில் வராது, ஆய்வேடு எழுதும் பருவம் அது. அப்போதும் 20தான். சுயதொழில் கூடவே கூடாது. வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து உணவு டெலிவரி செய்வதும் அதில் அடக்கம்.

கணக்கையும் பாருங்கள். 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்டு. முழு 20 மணி கிடைத்தாலும் மாதம் சுமார் 1,100. லண்டனுக்கு வெளியே ஒரு மாணவருக்கு மாதம் 1,171 பவுண்டு வேண்டும் என்று விசாவுக்கு அரசே கணக்கு வைத்திருக்கிறது. பகுதிநேர வேலை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தோள் கொடுக்கும், கட்டணத்தையோ கடனையோ அடைக்காது. தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் கெடு தேதிக்கு முன்னால் நிதிப் பிரிவுக்குப் போங்கள். முன்னால் வந்தவருக்குத் தேதி தள்ளிக் கொடுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், பின்னால் வந்தவருக்கு வழி குறைவு. வேலை தேடுவதானால் முதலில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பாருங்கள்: நூலகம், சேர நினைப்பவர்கள் சுற்றிப்பார்க்க வரும் திறந்த நாளில் வழிகாட்டி, மாணவர் சங்கக் கடை. அவர்களுக்கு விசா விதி தெரியும், தேர்வு வாரத்தில் ஷிப்ட் மாற்றியும் தருவார்கள்.

வீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சுருக்கமாக. தனியார் வீட்டுக்கு முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது; அதை 30 நாளுக்குள் முன்பணப் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டுச் சான்று தர வேண்டும். முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வரி, கிடையாது. மருத்துவரிடம் பதிவு செய்துவிட்டீர்களா? விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், அது உங்கள் உரிமை. நவம்பரில் நாலு மணிக்கே இருட்டும்போது மனம் கனத்தால், அது பலவீனம் என்று நினைத்து அறைக்குள் முடங்காதீர்கள். மாணவர் நல ஆலோசகரிடம் போகலாம். நடு இரவு என்றால் சமாரிட்டன்ஸ் என்ற ஆறுதல் தொலைபேசிச் சேவை, 116 123, இலவசம். வகுப்புக்கு வராமல் போகிற மாணவர்கள் படிப்பு வராததால் நின்றுபோவதைவிட, யாரிடமும் பேசாமல் இருந்தே நின்றுபோகிறார்கள்.

தவறான நேரமா என்றால், நாலைந்து வருடம் முன்னால் வந்தவர்களைவிட உங்களுக்குக் கடினம்தான், அதை மறைக்க மாட்டேன். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா இரண்டு ஆண்டில் இருந்து 18 மாதமாகக் குறைகிறது. வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டு ஆகிவிட்டது. படிப்பு முடித்து மாறுகிறவர்களுக்குச் சலுகை வரம்பு 33,400. ஓராண்டுப் படிப்பில் "முதலில் படிப்பை முடிப்போம், அப்புறம் வேலை தேடுவோம்" என்பது நடக்காது. பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான ஆட்களை இந்த இலையுதிர்காலத்திலேயே எடுக்கத் தொடங்கிவிட்டன, பல இடங்களில் டிசம்பருக்குள் கதவு மூடிவிடும். வெளிநாட்டவரை வேலை விசாவில் எடுக்க ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் அரசு இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதை வைத்து வடிகட்டி, உங்கள் துறையில் இருபது முப்பது பெயர் எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு ஆலோசகரிடம் சிவியோடு நேரம் வாங்குங்கள். அந்தச் சேவைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், பெரும்பாலும் படிப்பு முடிந்த பிறகும் சில ஆண்டுகள் அது திறந்திருக்கும். என்ன துறை, எந்த ஊர் என்று அடுத்த முறை எழுதுங்கள், அங்கே எனக்குத் தெரிந்த பழைய மாணவர்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்கிறேன்.