வாசகர் கேள்வி – பதில்: பொய்யிரைக்குக் கண் எழுதும் முறை

கேள்வி: டிரவுட் மீன் பிடிப்பதற்காகச் சேவல் இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி, சிறு மீன் வடிவப் பொய்யிரைகளை நானே கட்டுகிறேன். தலையில் எனாமல் தீந்தையால் கண் எழுதி, அது காய்ந்த பின் நிறமற்ற கியூட்டெக்ஸ் பூசினால் கருவிழி கலைந்து வெள்ளையில் பரவுகிறது. சில நாட்களில் பூச்சே பால்போல் வெளுத்துவிடுகிறது. பிழை எங்கே?
– வாசகர், நுவரெலியா

பதில்: தாங்கள் குறிப்பிடும் இரு குறைகளுக்கும் கியூட்டெக்ஸில் உள்ள கரைப்பானே காரணம், ஆனால் அது கெடுக்கும் விதம் வேறு வேறு. எனாமல் சில மணி நேரத்தில் விரலில் ஒட்டாத நிலைக்கு வந்துவிட்டாலும் உள்ளே இளகியே இருக்கும். அதன்மேல் கரைப்பான் பட்டதும் தீந்தை மீண்டும் நெகிழ, தூரிகை அதை இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே வெள்ளை வட்டம் வைத்த பின் ஒரு நாள், கருவிழி வைத்த பின் குறைந்தது இரண்டு நாள் பொறுத்திருங்கள். மேற்பூச்சை முன்னும் பின்னும் தேய்க்காமல், ஒரு துளியைத் தலைமேல் வைத்துத் தானாகப் பரவ விடுங்கள்.

வெளுப்பதற்கு நம் மலைநாட்டின் ஈரமும் துணைபோகிறது. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள தங்கள் ஊரில் பனிமூட்டம் இறங்கியிருக்கும் மாலையில், அந்தக் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெயில் உள்ள நண்பகலில் மெல்லியதாகப் பூசினால் இது நேராது. வெளுத்துப்போனவற்றின் மீதும் அத்தகைய நாளில் இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். விரைவில் காய வேண்டுமென்று அடுப்பருகே மட்டும் கொண்டுபோக வேண்டாம். கியூட்டெக்ஸ் எளிதில் தீப்பற்றும். இரு கலவை எபொக்சிப் பசையில் ஆவியாகும் கரைப்பான் இல்லாததால் கண் கலைவதில்லை. ஆனால் அது இறுகும்வரை பொய்யிரையைக் கையில் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு பக்கமாக வழிந்து திரளும்.

கண் எழுதத் தூரிகை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நூல் தலையை முதலில் ஒரு பூச்சால் மூடிவிட்டால் தீந்தை நூலுக்குள் ஊறாது. பிறகு சிறிய ஆணியின் தட்டையான தலையைத் தீந்தையில் தொட்டுச் செங்குத்தாக வைத்து எடுத்தால் வெள்ளை வட்டம். குண்டூசித் தலையால் அப்படியே செய்தால் கருவிழி. குழந்தைக்குப் பொட்டு வைக்கும் நிதானத்தோடு ஒரே முறை தொட வேண்டும், திருத்தப் போகக் கூடாது. பத்துப் பொய்யிரைகளை ரிஜிபோம் துண்டில் குத்திவைத்து, எல்லாவற்றிற்கும் ஒரு பக்கக் கண்ணை முடித்து, அது காய்ந்த பின் மறுபக்கத்துக்குப் போவது நல்லது. கருவிழி சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும். கலங்கிய ஓடை நீரில் மீனின் பார்வைக்குப் படுவது கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடுதான்.

கேள்வி: எல்லாப் பொய்யிரைகளுக்கும் கண் தேவையா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: தேவையில்லை. சிறு மீனைப் போன்றவற்றுக்குக் கண் பயன் தரும். வேட்டை மீன் பெரும்பாலும் இரையின் தலைப்பக்கத்தைக் குறிவைப்பதாலேயே, சில மீன் இனங்களில் வாலருகே பொய்க்கண் போன்ற புள்ளி அமைந்திருக்கிறது என்று கருதப்படுகிறது. நீர்மேல் மிதக்கும் பூச்சி வடிவங்களுக்கோ கண் எழுதுவது வீண் வேலை. தீந்தையின் எடை கூடினால் அவை மிதப்பதும் குறையும்.