துப்பாக்கி முனையில் மாட்டியிருப்பது எதற்கு? கேள்வி பதில்

கே: சார், குழல் நுனியில் ஓட்டை ஓட்டையாக ஒன்று இருக்கிறதே, அதுதான் சைலன்சரா?

ப: பெரும்பாலும் இல்லை. தோட்டா வெளியேறிய கையோடு பின்னாலேயே கொதிக்கும் வாயு பீறிட்டு வரும். நுனியில் மாட்டுவதெல்லாம் அந்த வாயுவை ஏதாவது செய்யத்தான். வெளிச்சத்தைக் குறைப்பது ஃப்ளாஷ் ஹைடர். பின்னுதையைக் குறைப்பது மசில் பிரேக். குழல் மேலே எழும்பாமல் அமுக்குவது காம்பென்சேட்டர். சத்தத்தைக் குறைப்பது சப்ரஸர். அதைத்தான் சைலன்சர் என்கிறோம். ஒரே கருவி இரண்டு வேலை பார்ப்பதும் உண்டு.

கே: ஃப்ளாஷ் ஹைடர், சுடுபவரை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கத்தானே?

ப: பேர் அப்படி. ஆனால் முக்கியமான லாபம் சுடுபவருக்கே: இருட்டில் தன் தீயால் தன் கண்ணே கூசாமல் இருக்கும். எரிந்து தீராத வாயு வெளிக்காற்றோடு கலந்து மறுபடி பற்றுவதுதான் அந்தப் பெரிய தீப்பிழம்பு. ஹைடர் வாயுவைச் சிதறடித்து அதைப் பற்றவிடாமல் செய்கிறது. குழல் குட்டையானால் தீயும் பெரிதாகும். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் வந்த குட்டையான லீ என்ஃபீல்டு (பிரிட்டிஷ் ரைபிள்), அதாவது 'ஜங்கிள் கார்பைன்', நுனியில் புனல் மாதிரி ஒன்றோடு வந்தது அதனால்தான்.

அமெரிக்க ரைபிளான எம்16-இன் கதை இன்னும் சுவாரசியம். ஆரம்பத்தில் மூன்று கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வியட்நாம் காட்டில் செடிகொடி அதில் மாட்டிக்கொண்டது. அப்புறம் நுனி மூடிய கூண்டு வந்தது. ஏ2 ரகத்தில் கூண்டின் அடிப்பக்கத் துளைகளையும் அடைத்துவிட்டார்கள். படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பாது. வாயு மேல்பக்கமாகப் போவதால் குழலும் கொஞ்சம் அடங்கும்.

கே: ஏகே துப்பாக்கியின் நுனி சாய்வாக வெட்டியிருக்கிறதே, அழகுக்கா?

ப: ரஷ்யர்கள் அழகுக்காக இரும்பை வெட்டுகிறவர்கள் இல்லை. ஏகே-47-ஐ மேம்படுத்தி 1959-இல் வந்த ஏகேஎம்-இன் காம்பென்சேட்டர் அது. வாயு மேலும் வலப்பக்கமுமாகப் போகும். குழல் கீழும் இடப்பக்கமுமாகத் தள்ளப்படும். வலக்கைக்காரர் தொடர்ந்து சுட்டால் குழல் வலப்பக்கம் மேலேறும். அதற்கான மருந்துதான் இந்தச் சாய்வு. இடக்கைக்காரர் பாடு திண்டாட்டம்.

கே: மசில் பிரேக் அவ்வளவு நல்லதென்றால் எல்லாவற்றிலும் மாட்டலாமே அண்ணா?

ப: பக்கத்தில் படுத்திருப்பவரைக் கேளுங்கள் தம்பி! முன்னால் போகவேண்டிய வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பித்தான் அது உதையைக் குறைக்கிறது. சத்தமும் அதிர்வும் அந்தப் பக்கமே வரும், மண்ணும் பறக்கும். பாரெட் மாதிரி .50 (அரை அங்குலத் தோட்டா) துப்பாக்கிக்கு வேறு வழியில்லை, அம்பு முனை போன்ற பெரிய பிரேக் வேண்டும். பீரங்கிகளிலும் அப்படியே. ஆனால் அர்ஜுன், ஆப்ரம்ஸ் டாங்கிகளில் பார்த்தால் இருக்காது. அவை சுடும் அம்பு வகைக் குண்டைச் சுற்றியுள்ள உறைத்துண்டுகள் குழல் முனையைத் தாண்டியதுமே பிரிந்து விழ வேண்டும். பிரேக் இருந்தால் இடறும். அந்தக் குழலின் நடுவே பருத்துத் தெரிவது, புகையை வண்டிக்குள் வரவிடாமல் வெளியே இழுக்கும் உறை.

கே: சினிமாவில் சைலன்சர் மாட்டிச் சுட்டால் 'புஸ்' என்கிறது. நிஜத்தில்?

ப: நிஜத்தில் காது வலிக்கும். ரைபிள் சத்தம் 160 டெசிபலுக்கு மேல். சப்ரஸர் சுமார் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சமே 130 பக்கம்! இது வாயுவின் சத்தத்துக்கு மட்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, ரைபிள் தோட்டா 900 மீட்டர் வரை போகிறது. அந்தத் தோட்டா காற்றைக் கிழிக்கும் வெடிப்பை எந்தச் சப்ரஸரும் தடுக்காது. நிஜமாகவே அமைதி வேண்டுமென்றால் தோட்டா மெதுவாகப் போக வேண்டும். பிரிட்டனின் டி லிஸ்ல் கார்பைன் .45 தோட்டாவை வைத்துச் சாதித்தது அதைத்தான். சப்ரஸரைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஹைரம் பெர்சி மேக்சிம், 1909-இல் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மேக்சிமின் மகன். அப்பா கிளப்பிய சத்தத்தை மகன் அடக்கப் பார்த்தார்! ஃபின்லாந்தில் வேட்டைக்காரர்கள் காதைக் காப்பாற்றிக்கொள்ளச் சாதாரணமாக மாட்டுகிறார்கள்.

கே: துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடும் ஏர் ரைபிளின் முனையிலும் குழாய் மாதிரி ஒன்று நீள்கிறதே?

ப: அதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. முன் குறியைக் கண்ணிலிருந்து தள்ளி வைக்கத்தான் அந்த நீளம். இரண்டு குறிகளுக்கும் இடைவெளி கூடினால் சிறு பிசகும் உடனே தெரியும்.

கே: ராணுவப் பயிற்சிப் படங்களில் முனையில் மஞ்சள், சிவப்பு நிறத்தில் ஒரு கட்டை?

ப: வெற்றுத் தோட்டாவுக்கான அடைப்பு. முன்னால் ஈயம் இல்லாததால் வாயு லேசாக ஓடிவிடும், அடுத்த தோட்டா தானாக ஏறாது. முனையைக் கொஞ்சம் அடைத்தால்தான் அழுத்தம் கிடைக்கும். நிறம், தூரத்திலேயே தெரிவதற்கு. அதை மாட்டியிருக்கும்போது தவறி நிஜத் தோட்டா உள்ளே போனால், கட்டை பறக்கும், துப்பாக்கியும் கெடும்.