கேள்வி பதில்: சிஎஸ்எஸ்ஸில் கணக்குப் போடலாமா?

கேள்வி: பக்கப்பட்டைக்கு 240 பிக்சல் போக மீதி அகலம் கட்டுரைப் பகுதிக்கு வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் (வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) கணக்குப் போட உதவும் கால்க்கை எடுத்து, கால்க்(100%-240பிஎக்ஸ்) என்று எழுதினேன்; பிஎக்ஸ் என்றால் பிக்சல். பிரவுசர் கண்டுகொள்ளவே இல்லை.

பதில்: கணக்கு சரி, இடைவெளிதான் இல்லை. ஒட்டி எழுதினால் அந்தக் குறி கழித்தலாகாது. -240 பிஎக்ஸ் என்ற எதிர்ம எண்ணாகிவிடும். இரண்டு எண்கள், நடுவே குறியில்லை என்பதால் பிரவுசர் அந்த வரியையே தள்ளிவிடும். பக்கத்தில் பிழைச் செய்தி எதுவும் வராது. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் (பக்கத்தின் குறியீட்டைப் பார்க்கும் பகுதி) அந்த வரியின் குறுக்கே கோடு போடப்பட்டிருக்கும். கூட்டல், கழித்தல் இரண்டுக்கும் இருபுறமும் இடைவெளி கட்டாயம். பெருக்கலும் வகுத்தலும் ஒட்டியிருந்தாலும் வேலை செய்யும்.

கேள்வி: இடைவெளி விட்டிருக்கிறேன். கழிக்கும் அளவை ஒரு மாறியில் (பெயரிட்டு வைத்த மதிப்பு) வைத்திருக்கிறேன். அதற்கு 0 கொடுத்தால் மட்டும் அகலம் குலைகிறது.

பதில்: 0பிஎக்ஸ் என்று கொடுங்கள். மார்ஜினுக்கு (வெளி இடைவெளி) வெறும் 0 செல்லும். கால்க்குக்குள் அது அலகில்லாத எண், நீளத்திலிருந்து கழிக்க முடியாது. மாறி வழியாக வரும்போது தவறு தாமதமாகத்தான் தெரியும். மாற்றாக மேலே ஒரு வரி எழுதிவைத்திருந்தாலும், அதற்குள் பிரவுசர் அதைக் கைவிட்டிருக்கும். அகலம் ஆட்டோவுக்கு (பிரவுசரே முடிவு செய்யும் இயல்பு மதிப்பு) போய்விடும்.

கேள்வி: தலைப்பு எழுத்துக்கு 4விடபிள்யூ (திரை அகலத்தில் 4%) கொடுத்தேன். போனில் கண்ணுக்கே தெரியவில்லை, பெரிய திரையில் பூதமாக நிற்கிறது.

பதில்: நிற்கத்தான் செய்யும். 320 பிக்சல் திரையில் அது 12.8 பிக்சல், 1920இல் 76.8. அளவை இரு வரம்புகளுக்குள் நிறுத்தும் கிளாம்ப் பயன்படுத்துங்கள். கீழ் வரம்பு, நடு அளவு, மேல் வரம்பு என மூன்று மதிப்புகள் அதற்கு வேண்டும். நடு அளவைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். 320 பிக்சல் திரையில் எழுத்து 24, 1280இல் 40 என்று வைத்துக்கொள்வோம். எழுத்தின் வளர்ச்சி 16. அதைத் திரையின் வளர்ச்சியான 960ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 1.667விடபிள்யூ. 320 திரையில் இது 5.33 பிக்சல். 24இல் அதைக் கழித்தால் மீதி 18.67. ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு; அது 16 பிக்சல் என்றால் மீதி 1.167ரெம். ஆக, கிளாம்ப்(1.5ரெம், 1.167ரெம் + 1.667விடபிள்யூ, 2.5ரெம்). உள்ளே தனியாகக் கால்க் வேண்டாம். நடுவில் ரெம் இல்லாமல் விடபிள்யூ மட்டும் வைத்தால், வாசகர் பக்கத்தைப் பெரிதாக்கினாலும் எழுத்து அநேகமாக அப்படியே நிற்கும். பார்வை குறைந்தவர்களுக்கு இது பெரிய தொல்லை. வரம்புகளை இடம் மாற்றி எழுதிவிட்டால் பிழை வராது; கீழ் வரம்பின் இடத்தில் எழுதிய மதிப்பே எப்போதும் வெல்லும்.

கேள்வி: அகலம் 60 ரெம்மைத் தாண்டக் கூடாது. மேக்ஸ்தானே?

பதில்: இல்லை, மின்(100%, 60ரெம்). இரண்டில் சிறியதை எடுப்பதால் மின் உச்சவரம்பாகிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு.