வாசகர் கேள்வி – பதில்: சிறிய அலுமினியப் படகுக்குத் தளம் போடலாமா?

கேள்வி: ஐயா, கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள கவார்த்தா ஏரிகளில் மீன்பிடிப்பதற்காக 14 அடி நீளமுள்ள பழைய அலுமினியப் படகொன்றை வாங்கியிருக்கிறேன். அடிப்பகுதி வி வடிவமானது. மூன்று குறுக்கு இருக்கைகள் உள்ளன. 385 கிலோவும் நான்கு பேரும் ஏற்றலாம் என்று அதில் ஒட்டியிருக்கிறது. நானும் தம்பியும் என் பத்து வயது மகனும் போவோம். நின்றபடி தூண்டில் வீசுவதற்காக, நடு இருக்கையை வெட்டியெடுத்துத் தளம் போட்டு, முன்னால் ஒரு மேடையும் கட்ட எண்ணுகிறேன். முக்கால் அங்குலப் பிளைவுட்டும், உக்காதபடி மருந்தூட்டிய மரச்சட்டங்களும் போதுமா?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள்: நடு இருக்கையை வெட்டாதீர்கள். இத்தகைய படகின் பக்கத் தகடுகள் மிக மெல்லியவை; அவை அலையில் உள்ளும் புறமும் வளையாதபடி இழுத்துப் பிடித்திருப்பவை அந்தக் குறுக்கு இருக்கைகளே. அத்துடன், படகு நீரால் நிறைந்தாலும் மூழ்கிப்போகாமல் தாங்கும் நுரைக்கட்டிகள் பெரும்பாலும் இருக்கைகளின் உள்ளேதான் இருக்கின்றன. மகனை ஏற்றிச் செல்லும் படகில் இந்த இரண்டையும் ஒரே வெட்டில் இழப்பதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன்.

அடுத்தது எடைக் கணக்கு. அந்த 385 கிலோ ஆட்களுக்கு மட்டும் உரியதன்று. மோட்டார், எரிபொருள், சாமான்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 15 குதிரைவலு மோட்டாருக்கு ஏறத்தாழ 50 கிலோ, நிறைந்த பெற்றோல் கலத்துக்கு 20, பெரிய மின்கலத்துக்கு 25, சிறிய மின்மோட்டாருக்கு 15, நங்கூரம், குளிர்பெட்டி, கருவிகளுக்கு 25 என வைத்தால் 135 கிலோ ஆகிறது. பெரியவர் இருவரும் சிறுவனும் சேர்ந்து 195 கிலோ என்று கொண்டால், மிஞ்சுவது 55 கிலோதான். முக்கால் அங்குலப் பிளைவுட் முழுப் பலகை ஒன்றே 30 கிலோ அளவில் இருக்கும். உங்கள் திட்டப்படி இரண்டு பலகையும் மரச்சட்டமும் சேர்ந்தால் 80 கிலோவைத் தொடும். அதுவும் காய்ந்திருக்கும்போது.

இருக்கைகளை அப்படியே விட்டு, இடைவெளிகளுக்கு மட்டும் தளம் போட்டால் ஒன்றரைப் பலகையின் பரப்பளவு போதும். அதை 2.3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் செய்தால், எல் வடிவ அலுமினியச் சட்டங்களையும் சேர்த்து 40 கிலோவுக்குள் முடித்துவிடலாம். அந்தத் தகடு மிதிக்கும்போது தொய்யாதிருக்க, சுமார் 30 செண்டிமீட்டருக்கு ஒரு சட்டம் தாங்க வேண்டும். தகட்டின் விலை கட்டுப்படாவிட்டால் அரை அங்குலப் பிளைவுட்டை எடுத்து, எல்லாப் பக்கமும், குறிப்பாக வெட்டு விளிம்புகளையும் ஆணித் துளைகளின் உட்புறத்தையும், எபொக்சி என்னும் நீர்புகாப் பிசினைப் பூசி அடைத்துவிடுங்கள்.

மருந்தூட்டிய மரம் மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பயன்பாட்டுக்கான மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து 2003ஆம் ஆண்டின் இறுதியில் கைவிடப்பட்ட பிறகு, அதன் இடத்தைப் பிடித்தவை செம்பு மிகுந்த மருந்துகள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அது ஒரு சிறு மின்கலத்தைப் போல வேலை செய்யும். அதில் அரிபடுவது எப்போதும் அலுமினியமே. என் முதற்படகில் நான் செய்த பிழை இதுதான். இரண்டு வசந்தங்களுக்குப் பிறகு தளத்தைத் தூக்கிப் பார்த்தபோது, சட்டங்கள் கிடந்த வரிசையெங்கும் வெண்பொடி படர்ந்து, அதன் கீழ் ஊசிமுனைக் குழிகள் தோன்றியிருந்தன. அடிப்பள்ளத்தில் மறந்துவிட்ட ஒரு செப்புக்காசோ ஈயக்குண்டோகூட இதே கேட்டைச் செய்யும்.

மேடையின் உயரத்தை இருக்கையின் மட்டத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். வி வடிவப் படகு அணியத்தை, அதாவது முன்முனையை, நெருங்க நெருங்க ஒடுங்குவதால், அங்கே ஒரு பக்கம் சாய்ந்தால் படகை நிமிர்த்தித் தூக்கும் அகலம் குறைவு. அந்த இடத்திலேயே 80 கிலோ எடையுள்ள ஒருவர் இன்னும் ஓர் அடி உயரத்தில் நின்றால், பெரிய மீன் ஒன்று இழுத்த வேகத்தில் அவர் ஒரு காலை மாற்றி வைப்பதே படகைக் கவிழ்க்கப் போதும். வெட்டத் தொடங்கும் முன், இருக்கைகளின் மேல் பலகையைத் தற்காலிகமாகக் கட்டி, இடுப்பளவு நீரில், உயிர்காப்பு அங்கியுடன் ஏறி நின்று, தூண்டிலை வீசிப் பாருங்கள். அந்த ஒரு மணிநேரம் எந்த வரைபடத்தையும்விடத் தெளிவாக உங்களுக்கு விடை சொல்லும்.

சட்டங்களை இருக்கைகளின் பக்கங்களிலும், அடியில் குறுக்கே ஓடும் வங்குகளிலும் (விலா போன்ற சட்டங்களிலும்) அலுமினிய ரிவெட்டால் பொருத்துங்கள். அடித்தகட்டில் எந்த ஆணியும் நுழையக்கூடாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி தவிர்க்க முடியாத இடத்தில், அரிப்பைத் தடுக்கும் பசையைத் தடவியே முடுக்க வேண்டும். தளத்தைத் துண்டு துண்டாக, கையால் தூக்கி எடுக்கும்படி அமைத்து, நீர் பின்புற வடிகால் துளைக்குத் தடையின்றி ஓடுவதற்கு நடுவில் வழி விடுங்கள்.

கேள்வி: தளத்துக்குக் கீழே முழுவதும் நுரைப்பலகை அடைத்தால் படகு மூழ்கவே மூழ்காது என்று நண்பர் சொல்கிறார். சரியா?
– மார்க்கம் வாசகர்

பதில்: பாதி சரி. மூடிய துளைகளுள்ள பாலிஸ்டைரீன் நுரை ஒரு கன அடி, நீரில் ஏறத்தாழ 27 கிலோவைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் நீர் நிறைந்த படகில் நுரை முழுவதும் அடியில் இருந்தால், அடிப்பாகம் மேலே வரத் துடிக்கும். படகு குப்புறக் கவிழ்ந்துதான் மிதக்கும். மே மாதத்துக் குளிர்நீரில், கவிழ்ந்த வழவழப்பான அடித்தகட்டைப் பற்றிக்கொண்டு எவரும் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. நிமிர்ந்தபடி மிதக்க வேண்டுமானால் நுரை பக்கச் சுவர்களை ஒட்டி, இருக்கைகளுக்குக் கீழே, இயன்றவரை உயரத்தில் இருக்க வேண்டும். ஆகவே இருக்கைகளில் உள்ளதை முதலில் காப்பாற்றுங்கள். பழைய நுரை நீரை உறிஞ்சிக் கனத்திருந்தால் அதே அளவு புதிய நுரையை அங்கேயே வையுங்கள். பாலிஸ்டைரீனைப் பெற்றோல் கரைத்துவிடும் என்பதால் எரிபொருள் கலத்தின் அருகில் அதை வைக்கக்கூடாது. வடிகால் வழியையும் நுரையால் அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: தளத்தின் மேல் கம்பளம் ஒட்டலாமா, வண்ணம் பூசலாமா?
– ஏஜாக்ஸ் வாசகி

பதில்: கம்பளம் காலுக்கு இதமானது, ஓசையையும் அடக்கும், ஆனால் ஈரத்தை வைத்திருந்து அடிப்பலகையை உக்கச் செய்வதும், தூண்டில் முட்களைப் பற்றிக்கொள்வதும் அதுவே. நுண்மணல் கலந்த, வழுக்காத வண்ணத்தையே நான் பரிந்துரைப்பேன். வெளிர் நிறமாகத் தெரிந்தெடுங்கள். கோடை நண்பகலில் கருநிறத் தளத்தில் குழந்தைகள் வெறுங்காலுடன் நிற்க முடியாது.