கறுப்புப் பட்டை அணிந்து போனால் ரோமர் 13-ஐ மீறுவதாகுமா?

கேள்வி: எங்கள் சபையில் வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். ஆகஸ்ட் 10 அன்று தலித் கிறிஸ்தவர்களின் கறுப்பு நாள் ஆர்ப்பாட்டத்துக்குப் போக நினைக்கிறோம். "அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ரோமர் 13 சொல்கிறது, சபைக்கு எதற்கு அரசியல்?" என்கிறார்கள் மூப்பர்கள். சமூக நீதி என்பதே மார்க்சியம்தான் என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்களும் சுற்றுகின்றன. போகலாமா?

பதில்: போகலாம்.

ரோமர் 13-ஐ எழுதிய பவுல் என்ன செய்தார் என்று மூப்பர்களிடமே கேளுங்கள். பிலிப்பியில் அவரையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலை, விட்டுவிடச் சொல்லி அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது பவுல் நகரவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16). பிற்பாடு செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டதும், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்ததும், அவர்தான். உரிமையைச் சட்டத்தின் வழியாகக் கேட்பவர் அதிகாரத்தை மறுக்கவில்லை. அதை அதன் வேலையைச் செய்யச் சொல்கிறார்.

இங்கே கேட்பதும் அப்படிப்பட்டதுதான். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். இந்த மத நிபந்தனையை எடுத்துவிடலாம் என்று மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது.

மார்க்சியம் பற்றிய பேச்சுக்கு நீளமான பதில் தேவையில்லை. சுவிசேஷத்தை முன்வைத்த கிறிஸ்தவத் தலைவர்கள் 1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடி, நற்செய்தி அறிவிப்பும் சமூக, அரசியல் ஈடுபாடும் இரண்டும் கிறிஸ்தவக் கடமை என்று ஓர் உடன்படிக்கை வெளியிட்டார்கள். அரசியல் விடுதலையே இரட்சிப்பு ஆகிவிடாது என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. வீடியோக்காரர்களின் பயத்தில் நியாயமான பங்கு இந்த இரண்டாவது பாதிதான். எதிரில் நிற்பவனை வெறுக்கச் சொல்லும் கோஷம் எழுந்தால் அதில் நீங்கள் சேர வேண்டாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. ஆர்ப்பாட்டத்துக்கு முன் உங்கள் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைகளுக்கு நடுவே நின்ற சாதிச் சுவர் ஊரறிந்த கதை. சாதியை விட்டே ஆகவேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையைத்தான் விட்டார்கள்! டெல்லியிடம் நீதி கேட்கும் சபையில், கமிட்டியிலும் கல்யாணப் பேச்சிலும் சாதி பார்த்தால் ஊர் சிரிக்காதா?

இதற்கும் வேதத்தில் முன்மாதிரி உண்டு. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் பாரபட்சம் என்று புகார் வந்தது. அப்போஸ்தலர்கள், "ஜெபிப்போம்" என்று சொல்லிக் கலைந்துவிடவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்! பாதிக்கப்பட்ட பக்கத்தின் கைக்கே பந்தி போயிருக்கிறது (அப்போஸ்தலர் 6). அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிடுவதை நிறுத்தியபோது, பவுல் எல்லோர் முன்னும் கண்டித்தார் (கலாத்தியர் 2). இந்த இரண்டு பகுதிகளையும் வைத்து ஒரு வேதபாடம் நடத்துங்கள், மூப்பர்களையும் கூப்பிடுங்கள். அப்புறம் ஆர்ப்பாட்டத்துக்குக் கூப்பிடுவது சுலபம். அப்போதும் மறுத்தால் சபைப் பெயர்ப் பலகை இல்லாமல் குடிமக்களாகப் போங்கள். காவல்துறை அனுமதி வாங்கியாயிற்றா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் அரசு வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள். சபைக்கு வந்துகொண்டே வேலைக்காக இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது ஆபத்து. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், அது அரசியலமைப்பையே ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இப்போதைக்கு அந்தச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.